பள்ளிக் கணினியும் திறந்த மூலமும்: சில திட்டங்களின் வரலாறு



எம் வீட்டு அலமாரியில் பழைய குறுவட்டு ஒன்று இருக்கிறது. 'தமிழ்மொழி, ஆண்டு 4' என்று அதன்மேல் மைத்தூவலால் எழுதியிருக்கும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியர் மூவர் பள்ளி முடிந்த மாலைப்பொழுதுகளில் அமர்ந்து உருவாக்கிய 43 பாடங்கள் அதில் உள்ளன. அம்மூவருள் நாமும் இருந்தோம். பள்ளிக்கு வந்திறங்கிய மென்பொருளைக் கொண்டு, அதனோடு வந்த எழுத்துருவில், அது கற்றுத் தந்த விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்தோம். சில ஆண்டுகளில் வழங்குநரின் ஒப்பந்தம் முடிந்தது. உரிமம் காலாவதியானது. கணினிகள் மாற்றப்பட்டபோது அந்த எழுத்துருவும் போய்விட்டது. பின்னர் அக்கோப்புகளைத் திறந்தபோது திரையில் தோன்றியவை தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். 'அகர முதல' என்று நாம் தட்டச்சு செய்த இடத்தைக்கூட அடையாளம் காண முடியவில்லை.

இதனை எவர்மீதும் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களுள் பலரிடம் இப்படியொரு குறுவட்டோ, நெகிழ்வட்டோ, இனித் திறக்கவியலாத ஒரு கணக்கோ இருக்கும் என்பது எமக்குத் தெரியும். பள்ளிகளுக்கு வந்த கணினித் திட்டங்கள் ஏன் இப்படித் தடுமாறின, தடுமாறியபோது அவற்றைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார் என்பதே இன்றைய உரையின் பொருள். சில நாடுகளில் அரசும் நிறுவனமும் கைவிட்ட இடத்தில், மூலநிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உழைக்கும் தன்னார்வலர் குழுக்கள் வந்து நின்றன. சில இடங்களில் அவர்களாலும் முடியவில்லை. இரண்டையும் பார்ப்போம்.

திறந்த மூலம் என்பதை இவ்வவைக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஒரு மென்பொருளை ஆக்கியவர் எழுதிய மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம் என்று உரிமம் சொல்லுமானால் அது திறந்த மூலம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998இல்தான் பிறந்தது. 'கட்டற்ற மென்பொருள்' என்ற பெயரை ஸ்டால்மன் இன்றும் விடவில்லை. பெயர்ப் பூசல் அவர்களுக்குள் இருக்கட்டும். பள்ளிக்கு வேண்டியது இரண்டிலும் ஒன்றே.

நம் நாட்டில் தொடங்கிய இடம்

மலேசியாவில் 1997இல் விவேகப் பள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1999 முதல் 2002 வரை 87 பள்ளிகளில் அது முன்னோடியாக நடத்தப்பட்டது. கணினிப் பாடப்பொருள்கள் நான்கு பாடங்களுக்கு ஆக்கப்பட்டன: மலாய்மொழி, ஆங்கிலம், அறிவியல், கணிதம். தமிழ்மொழி அதில் இல்லை. வஞ்சகம் எதுவும் இதில் இல்லை. பெருந்தொகை செலவிட்டு ஆக்கும் பாடப்பொருளை, அதிக மாணவர் படிக்கும் பாடத்துக்கே முதலில் ஆக்குவார்கள். சந்தைக்கும் அரசுக்கும் அதுவே கணக்கு. சிறுபான்மை மொழி அந்தக் கணக்கில் எப்போதும் இரண்டாம் கட்டத்தில் இருக்கும். பெரும்பாலான திட்டங்கள் இரண்டாம் கட்டத்தை எட்டுவதில்லை.

அடுத்த பத்தாண்டில் நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளையும் இணையத்தால் இணைத்து, மெய்நிகர் கற்றல் தளம் ஒன்றையும் வழங்கும் திட்டம் வந்தது. அத்தளத்தை மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் பயன்படுத்திய அளவு ஐந்து விழுக்காட்டையும் எட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை எடுத்துக்காட்டியது. 2019 ஜூன் இறுதியோடு அத்தளத்தின் பயன்பாடு நிறுத்தப்பட்டது. பள்ளிகள் வேறொரு தளத்துக்கு மாறின. மாறிய தளமும் வேறொரு பெருநிறுவனத்தின் சொத்துதான். ஆசிரியர்கள் பழைய தளத்தில் கட்டிய பாடங்களை எடுத்துச் செல்லவோ விட்டுவிடவோ வேண்டியிருந்தது. பலர் விட்டுவிட்டனர். எம் குறுவட்டின் கதை வேறு அளவில் மறுபடி நடந்தது.

பச்சை மடிக்கணினி

உலக அளவில் இந்தக் கதையை மிக உரத்த குரலில் சொன்ன திட்டம் ஒன்று உண்டு. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் 100 டாலர் மடிக்கணினியை அறிவித்தார். 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்பது திட்டத்தின் பெயர். அதன் பின்னால் சீமோர் பேப்பர்ட் என்ற அறிஞரின் கல்விக் கொள்கை இருந்தது. 1967இல் குழந்தைகளுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கிய மூவருள் அவர் ஒருவர். பிள்ளை பிறர் சொல்வதைக் கேட்டுக் கற்பதைவிட, தானே ஒன்றைச் செய்து பார்த்துக் கற்பது ஆழமானது என்பது அவர் கருத்து. கணினி பிள்ளைக்கு நிரலிட வேண்டியதில்லை, பிள்ளைதான் கணினிக்கு நிரலிட வேண்டும் என்று அவர் கருதினார்.

அதே ஆண்டு நவம்பரில் துனிசியாவில் நடந்த உலக மாநாட்டில் அப்பச்சை நிற மாதிரிக் கணினி மேடையேறியது. மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக அதில் கைப்பிடிச் சுழலி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான் அதைச் சுழற்றினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பின்னாளில் விற்பனைக்கு வந்த கருவியில் சுழலியே இல்லை. விலையும் 100 டாலரில் நிற்கவில்லை. 2007இன் இறுதியில் பெருமளவில் உற்பத்தியானபோது ஏறத்தாழ 188 டாலர் ஆயிற்று.

ஆனால் அக்கருவியை எள்ளி நகையாடிவிட்டுப் போவது நேர்மையன்று. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த அதன் திரையைக் கொளுத்தும் வெயிலிலும் படிக்கலாம். மின்செலவு மிகக் குறைவு. வன்வட்டு இல்லை, ஆகவே கீழே போட்டால் உடைய ஒரு பாகம் குறைவு. இவையெல்லாவற்றையும்விட நம் பேச்சுக்கு முக்கியமானது அதன் மென்பொருள். லினக்ஸின்மேல் 'சுகர்' என்ற கற்றல் சூழல் கட்டப்பட்டது. அச்சூழலில் இயங்கும் ஒரு செயலியின் நிரலைப் பிள்ளையே திறந்து பார்க்கும் வசதி வைக்கப்பட்டிருந்தது. இந்த ஒரு வசதிக்காகத்தான் உலகெங்கும் நிரலாளர்கள் ஊதியமின்றி அத்திட்டத்துக்குள் வந்தனர்.

2008இல் திட்டம் தடம் மாறியது. நாடுகள் வாக்களித்த அளவில் வாங்கவில்லை. வாங்க வந்த அரசுகள் பழகிய இயக்குதளத்தைக் கேட்டன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் அக்கருவியில் இயங்கும் என்று மே மாதம் அறிவிக்கப்பட்டது. மென்பொருள் பணிக்குப் பொறுப்பாக இருந்த வால்ட்டர் பெண்டர் அதற்கு முந்தைய மாதமே விலகியிருந்தார். விலகியவர் வீட்டுக்குப் போகவில்லை. 'சுகர் லேப்ஸ்' என்ற தன்னார்வலர் அமைப்பை மே மாதத்தில் தொடங்கினார். சுகரின் மூலநிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மென்பொருள் ஒரு தனி நிறுவனத்தின் உடைமையாக இருந்திருந்தால், அன்று எடுத்த வணிக முடிவோடு அது முடிந்திருக்கும்.

அடுத்த ஆண்டே, 2009 ஜூனில், சுகரை ஒரு விரலியில் வைத்து வெளியிட்டனர். அந்த விரலியைப் பள்ளியில் உள்ள எந்தப் பழைய கணினியில் செருகினாலும் சுகர் இயங்கும். பச்சைக் கணினி வாங்க வசதியில்லாத பள்ளிக்கும் அது கிட்டியது. பின்னாளில் மடிக்கணினியைத் தொடங்கிய அறக்கட்டளை ஓய்ந்துவிட்டது. சுகர் ஓயவில்லை.

உருகுவேயும் பெருவும்

ஒரே கருவி, ஒரே மென்பொருள், இரண்டு நாடுகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில்தான் தன்னார்வலர் எதைச் செய்யலாம், எதைச் செய்யவியலாது என்பது விளங்கும்.

உருகுவே சிறிய நாடு. 2007 ஏப்ரலில் அதிபர் தபாரே வாஸ்கெஸ் 'செய்பல்' திட்டத்துக்கு ஆணை பிறப்பித்தார். மே மாதத்தில் வில்லா கார்தல் என்ற சிற்றூர்ப் பள்ளியில் முதல் கருவிகள் வழங்கப்பட்டன. 2009 அக்டோபருக்குள் அரசு தொடக்கப்பள்ளிகளில் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் மடிக்கணினி கிடைத்தது. அது ஏறத்தாழ 3,60,000 பிள்ளைகள். உலகில் அவ்வாறு செய்து முடித்த முதல் நாடுகளுள் அதுவும் ஒன்று. கருவியை மட்டும் தந்துவிட்டு அரசு ஒதுங்கவில்லை. பள்ளிகளுக்கு இணையமும் கொண்டுசென்றது. ஆனால் பிள்ளையின் கையில் கொடுத்தபின் என்ன நடக்கிறது என்று பார்க்க அரசிடம் ஆளில்லை. அங்கே மூன்று குழுக்கள் தாமாக எழுந்தன. ராப் செய்பல் என்ற தன்னார்வலர் வலையமைப்பு ஊர் ஊராகச் சென்று விநியோகத்துக்கு உதவியது, பழுதைக் கேட்டது, பெற்றோரிடம் பேசியது. குடியரசுப் பல்கலைக்கழகம் 'ஃபுளோர் தெ செய்போ' என்ற பெயரில் மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 'செய்பல்ஜாம்' என்ற நிரலாளர் குழு உருகுவேயின் பாடத்துக்கு ஏற்ற செயலிகளை எழுதியது.

அப்பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலத்தார் செய்த ஒன்றை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். சுகரில் 'ஆமைக்கலை' என்று ஒரு செயலி உண்டு. பேப்பர்ட்டின் லோகோ ஆமையின் வழித்தோன்றல் அது. கட்டைகளை அடுக்கி நிரலிடலாம். அவர்கள் பச்சை மடிக்கணினியைச் சக்கரம் வைத்த ஒரு தளத்தின்மேல் ஏற்றி, ஆமைக்கலையில் புதிய கட்டைகளைச் சேர்த்து, அதை ஓர் எந்திரனாக்கினர். 'புத்தியா' என்று அதற்குப் பெயரிட்டனர். அந்நாட்டில் வளரும் ஒரு பனைமரத்தின் பெயர் அது. பள்ளியில் ஏற்கெனவே இருந்த கருவி, மலிவான உதிரிப்பாகம், திறந்த நிரல். பிள்ளை திரையில் அடுக்கிய கட்டைக்கு ஏற்ப மேசைமேல் ஒரு வண்டி திரும்பியது. ஆமைக்கலையின் நிரல் பூட்டப்பட்டிருந்தால் ஒரு பல்கலைக்கழகம் அதில் கை வைத்திருக்க முடியாது. அது மட்டுமன்று. அந்நாட்டில் மடிக்கணினி பெற்ற சிறுவர் சிலர் பதின்ம வயதிலேயே சுகருக்கு நிரல் எழுதுவோராயினர். தாம் பயன்படுத்தும் செயலியைப் பழுதுபார்க்கும் மாணவன் என்று ஒருவன் உருவானது பேப்பர்ட் கண்ட கனவின் ஒரு துளி நனவான இடம் என்பது எம் கருத்து.

பெருவின் கதை வேறு. எண்ணிக்கையில் அங்கேதான் கருவிகள் அதிகம். எட்டு லட்சத்துக்கும் மேல். ஆண்டிஸ் மலையின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அவை கழுதை முதுகிலும் போயின என்பார்கள். பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. ஆசிரியருக்குச் சில நாள் பயிற்சி மட்டுமே. அமெரிக்கக் கண்டங்களின் வளர்ச்சி வங்கி சிற்றூர்ப் பகுதிகளில் 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவருக்கு 0.12 என்ற விகிதத்தில் இருந்த கணினி 1.18 ஆக உயர்ந்திருந்தது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று எதுவும் கிட்டவில்லை. பொது அறிதிறனில் சிறு முன்னேற்றம் தென்பட்டது, அவ்வளவுதான்.

அங்கேயும் தன்னார்வலர்கள் இருந்தனர். அவர்கள் சுகரைக் கெச்சுவா, ஐமரா மொழிகளில் பெயர்த்தனர். இன்கா பேரரசின் மொழி கெச்சுவா. பல இலட்சம் பேர் பேசுகின்றனர். ஆயினும் கணினியில் அதைக் கேட்பார் இல்லை. எந்த வணிக நிறுவனமும் செய்யாத வேலையை அவர்கள் செய்தது அருஞ்செயல். ஆனால் கணினியை எதற்காகத் திறப்பது என்று அறியாத ஆசிரியருக்குத் திரையில் உள்ள சொல் எம்மொழியில் இருந்தால் என்ன? மொழிபெயர்ப்பு ஒரு கதவைத் திறக்கும். அதன் வழியே பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஆசிரியர் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் மோர்கன் ஏம்ஸ் பராகுவே நாட்டின் திட்டத்தைப் பல மாதம் உடனிருந்து பார்த்து 2019இல் நூல் எழுதினார். நல்ல பயிற்சியாளரும் பழுதுநீக்குநரும் இருந்த அத்திட்டத்திலேயே பெரும்பாலான பிள்ளைகள் கருவியைப் பாட்டுக்கும் காணொளிக்கும் விளையாட்டுக்குமே கொண்டனர் என்று அவர் காட்டினார். கணினியை ஆக்கியவர்கள் தம் இளமைக்காலத்தை எல்லாப் பிள்ளைகள்மேலும் ஏற்றிப் பார்த்தனர் என்பது அவர் குற்றச்சாட்டு. திறந்த மூலக் குழுக்களின் நிரந்தர நோய் இது. தமக்கு எளிதானது எல்லார்க்கும் எளிது என்று எண்ணுவர். தமிழ்க் குழுக்களும் இதற்கு விலக்கில்லை.

கேரளத்துப் பாடம்

ஸ்பெயினின் எஸ்த்ரேமதுரா மாநிலத்தையும் ஒரு சொல் சொல்லிக் கடக்க வேண்டும். அந்நாட்டின் வறிய பகுதிகளுள் ஒன்று. 2002இல் அம்மாநில அரசு தனக்கென ஒரு லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டு, இரு மாணவருக்கு ஒரு கணினி என்று பள்ளிகளில் நிறுவியது. செயலிகளுக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழாசிரியர்கள் கேட்டால் மகிழ்வர். சொற்செயலிக்கு எஸ்ப்ரொன்செதா என்று அம்மண்ணின் கவிஞர் பெயர். படம் வரையும் செயலிக்கு சுர்பரான் என்று அம்மண்ணின் ஓவியர் பெயர். கட்டுரை எழுத அமரும் பிள்ளை தன் ஊர்க் கவிஞனைச் சொடுக்கித் திறந்தான். நிரல் தம் கையில் இருந்ததால் பெயர்சூட்டும் உரிமையும் தம் கையில் இருந்தது. 2011இல் நிதி வறண்டபோது அத்தொகுப்பை வளர்க்கும் பொறுப்பை மாநிலம் கைவிட்டது. அரசு ஊதியத்தையே நம்பி நின்ற சமூகம், ஊதியம் நின்றதும் தளர்ந்தது.

கேரளம் வேறு வழியில் சென்றது. அங்கே 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கிற்று. அதே ஆண்டு ஜூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ஸ்டால்மன் வந்து தொடங்கி வைத்தார். இரண்டும் உடனே கைகோத்துவிடவில்லை. தொடக்கத்தில் பள்ளிப் பாடமும் பயிற்சியும் விண்டோஸை ஒட்டியே அமைந்தன. அரசுப் பள்ளி மாணவன் ஒரு நிறுவனத்தின் பொருளைப் பயன்படுத்தப் பழகுவதா கல்வி என்று முதலில் எதிர்த்துக் கேட்டோருள் ஆசிரியர் சங்கத்தினர் முன்நின்றனர். அவர்கள் பக்கத்தில் லினக்ஸ் பயனர் குழுக்களின் இளைஞர்கள் நின்றனர். இந்தச் சேர்க்கை வேறெங்கும் எளிதில் அமையாதது. தொழிற்சங்கத்துக்குத் தொழில்நுட்பம் தெரியாது. இளைஞருக்குப் பள்ளி தெரியாது. ஒருவருக்கு ஒருவர் ஆசிரியர் ஆயினர்.

அதன் பயனாகப் பாடத்திட்டம் படிப்படியாக மாறியது. டெபியன், பின்னர் உபுண்டு ஆகியவற்றை அடியாகக் கொண்டு பள்ளிக்கென ஒரு லினக்ஸ் தொகுப்பு உருவாயிற்று. வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, ஓவியத்துக்கு கிம்ப், வேதியியலுக்குக் கால்சியம் என்று பாடத்தோடு ஒட்டிய செயலிகள் அதில் சேர்ந்தன. எதைச் சேர்ப்பது என்பதில் ஆசிரியர் கருத்துக்கு இடமிருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் ஆனார். அவருக்குத் தெரியாததை மாவட்டத்தின் முதன்மைப் பயிற்றுநர் சொன்னார். அவரும் ஓர் ஆசிரியரே. வெளியூர் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைச் சுழற்றிக் காத்திருக்கும் வழக்கம் குறைந்தது.

மலையாள எழுத்தும் இவ்வாறே வளர்ந்தது. 2002இல் கோழிக்கோட்டில் ஒரு பொறியியல் மாணவர் தொடங்கிய 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற குழு எழுத்துரு, மொழிபெயர்ப்பு, எழுத்தை ஒலியாக்கும் செயலி என்று ஒவ்வொன்றாகச் செய்து பொதுவில் வைத்தது. அவர்களின் 'மீரா' எழுத்துரு மலையாளிகளிடையே பெயர் பெற்றது. அக்குழுவே பின்னர் 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவையும் ஆக்கித் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. நாம் கேட்காமலே அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுத்த பலகாரம் அது.

2019இல் கேரளப் பள்ளிகளின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் புதிய தொகுப்பு அறிவிக்கப்பட்டபோது 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு கணினிக்கும் முழு விலையில் உரிமம் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று போட்ட கணக்கு அது. எந்த அரசும் முழு விலையில் வாங்குவதில்லை. ஆகவே அத்தொகையை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. மிச்சமான பணத்தைக் காட்டிலும் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. அம்மாநிலத்தில் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு வழிகளிலும் வருகிறது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை அதே பாடத்தைத் தன் மொழியில் படிக்கிறான். 1999இல் நம் விவேகப் பள்ளியில் தமிழுக்குக் கிட்டாத இடம் அது. நாட்டின் செல்வத்தை வைத்துப் பார்த்தால் நாம் கேரளத்தைவிட ஏழைகள் அல்லர்.

தமிழில் உள்ள கைகள்

தமிழுக்கு இத்தகைய கைகள் இல்லை என்று எவரும் எண்ண வேண்டா. 1995இலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழ் எழுத்தை ஏற்றிக் காட்டினார். அவர் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர், சிறுகதை எழுதியவர். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை ஆக்கினார். 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் இருந்து தன்னார்வலர் தட்டச்சு செய்து அனுப்பினர். இன்று சங்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அதைத் தொடாமல் இருப்பதில்லை. 'தமிழா' குழு எ-கலப்பை விசைப்பலகையை விலையின்றி வழங்கியது. முத்து அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியைப் பிள்ளைகளுக்காக ஆக்கினார். அவரும் தோழர்களும் சேர்ந்து வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரல்தொகுப்பு தமிழ் எழுத்துகளைக் கையாளும் கருவிகளைக் கொண்டது.

இவர்களுக்கும் பள்ளிக்கும் இடையில் பாலம் இல்லை என்பதே குறை. நிரலாளருக்கு எந்தப் பாடத்தில் எந்தச் செயலி தடுக்கிறது என்று தெரியாது. ஆசிரியருக்கு யாரிடம் சொல்வது என்று தெரியாது. சொன்னாலும் 'கணினி வேலை செய்யவில்லை' என்று சொல்லிவிடுகிறோம். எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, எதை அழுத்தியபோது என்ன தோன்றியது, என்ன தோன்றியிருக்க வேண்டும் என்ற நான்கு வரிகளைத் தந்தால், நாம் அறியாத ஒருவர் வேறொரு நாட்டில் இரவு விழித்திருந்து அதைத் திருத்துவார். கட்டுரை திருத்தும் ஆசிரியருக்கு இது அரிய கலையன்று; பிழை எங்கே, எத்தகையது என்று ஓரத்தில் குறிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. திறந்த மூலக் குழுவில் ஆசிரியர் சேர்வதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பில் 'கோப்பு' என்று ஓரிடத்திலும் 'ஆவணம்' என்று மற்றோரிடத்திலும் குழம்பிக் கிடப்பதைச் சீர்செய்யத் தமிழாசிரியரைவிடத் தகுந்தவர் யார்? பல செயலிகளில் தமிழ் பாதியில் நிற்பதற்கு, தொடங்கிய மாணவர் வேலைக்குப் போய்விட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இனி எம் குறுவட்டுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் பழைய மாணவர் இருவர் வீட்டுக்கு வந்திருந்தனர். இருவரும் கணினித் துறையினர். பேச்சு வாக்கில் அதைக் காட்டினோம். ஓப்பன்-தமிழில் பழைய குறியேற்றங்களை ஒருங்குறியாக மாற்றும் பகுதி உண்டென்றும், அதில் பலவற்றுக்கு வழி இருக்கிறதென்றும் சொன்னார்கள். முயன்று பார்த்ததில் எம் எழுத்துருவின் குறியேற்றம் அவற்றுள் எதனோடும் பொருந்தவில்லை. வழங்குநர் தாமே ஒரு முறையை வகுத்திருந்தார். நல்வேளையாக ஒரு பாடத்தின் அச்சுப்படி எம்மிடம் இருந்தது. ஒரு மாலை முழுதும் நாம் அச்சுப்படியை எழுத்தெழுத்தாக வாசிக்க, ஒருவர் திரையில் தோன்றிய குறியைச் சொல்ல, மற்றவர் அட்டவணை எழுதினார். 'ணை', 'னை', 'லை' மூன்றும் பழைய முறையில் துதிக்கையோடு அச்சாகியிருந்தமையால் அவற்றுக்குத் தனிக் குறி இருந்ததைக் கண்டுபிடிக்க இரவு பத்து மணி ஆயிற்று. அட்டவணையை நிரலோடு இணைத்து ஓட்டினார்கள். 43 பாடங்களில் 41 மீண்டன. எஞ்சிய இரண்டில் எழுத்துகள் படங்களுக்குள் சிக்கியிருக்கின்றன. அவற்றை மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.